நம் வீட்டில் கரையான் இல்லை

மதிப்பிற்குரிய அண்ணன் ஹார்டோனோ அவர்களின் சமூகத்துக்கு, தம்பி விராஸ்தோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. உங்கள் மீதும் எண்டாங் அண்ணி மீதும் உங்கள் மகள், கல்யாணப் பெண் லாராஸ் மீதும் இறைவனின் அமைதி உண்டாகட்டும். செமாராங்கில் உங்கள் முட்டிவலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே குனுங் கிடுலில் நான், முர்தினி, ஆடுகள் இரண்டும் சௌக்கியம். வீடும் நிற்கிறது.

"வீட்டில் கரையான் இருக்கிறதாமே, கூடத்தில் கல்யாணத்தை வைக்கலாமா, கூடாதா? ஒரே வரியில் பதில் போடு" என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வரியில் பதில்: கரையான் இல்லை, கல்யாணம் நம் கூடத்திலேயே நடக்கும். இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா பாக் புரோயோ உங்களிடம் தூணைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவு மரியாதையான மனிதர். இருந்தாலும் அவர் கையில் இருக்கும் துணிக்கட்டைப் பார்த்து நீங்களே கேட்டிருக்கலாம். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஆயுள் முழுக்கப் பள்ளியில் பூகோளம் நடத்தியவன் நான், காரணத்தைச் சொல்லாமல் விளைவைச் சொல்லிப் பழக்கமில்லை.

அப்பா போவதற்கு முன் நம் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து, நடுவில் நிற்கும் நான்கு தேக்குத் தூண்களையும் காட்டி, "வீட்டைப் பிரிக்கக் கூடாது, ஆனா ரெண்டு பேருக்கும் சரிபாதி. சின்னவன் கூட இருந்து பாத்துக்கட்டும்" என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் மழை விழுந்த சாயங்காலம் விளக்குக்கு அடியில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து ஈசல் பிடிக்காத வீடு நம் பக்கத்தில் கிடையாது, நாமும் வைத்தோம். முதல் வருடம் கிணற்றடியில் வைத்ததில் ஒரு கிண்ணம் தேறியது. முர்தினி அதை அரிசி மாவிலும் தேங்காய்ப் பாலிலும் தோய்த்து, எலுமிச்சை இலை கிள்ளிப் போட்டு, மெல்லிசாக, மொறுமொறுவென்று பெயெக் பொரித்தாள். அடுத்த வருடம் பாத்திரத்தை வாசலுக்கு நகர்த்தினோம், இரண்டு மடங்கு விழுந்தது. அதற்கடுத்த வருடம் கூடத்துக்கு நடுவிலேயே வைத்தோம், பாத்திரம் போதாமல் முர்தினி துணி ஊறவைக்கும் தொட்டியைக் காலி செய்துகொண்டு ஓடிவந்தாள். ஊரில் மற்றவர்கள் பாத்திரமெல்லாம் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு பாக் சாகிமின் வந்து, "வாத்தியாரய்யா, எங்க பாத்திரத்துல நாலு கொசுதான் மெதக்குது, உங்களுக்கு மட்டும் எப்படி இப்படிக் கொட்டுது?" என்று கேட்டார். "மனசு சுத்தமா இருக்கிற எடத்தத் தேடித்தான் வரும்" என்றாள் முர்தினி. நான் அப்படியெல்லாம் பேசுகிறவனல்ல. காட்டுக் குன்றிலிருந்து மேற்குக் காற்று எப்படிப் புறப்படுகிறது, நம் வீட்டுக் கூரையின் சரிவு அதை எப்படி உள்ளே இழுக்கிறது என்று அவருக்கு ஒரு வரைபடமே போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு தூணைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதில் குற்றம் என்னுடையது மட்டும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது அண்ணா. நாங்கள் அனுப்பிய முதல் டின் பெயெக் வந்து சேர்ந்த அன்றே "இது என்ன, பல்லிடுக்குக்குக்கூடப் பத்தவில்லை" என்று எழுதியவர் நீங்கள். அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு டின், மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு டின், டாக்டருக்கு ஒரு டின் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த வருடங்களில் வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் நீங்கள் விசாரித்தீர்கள்.

அப்பா இறந்த ஆயிரமாம் நாள் ஓதலுக்கு நீங்கள் வந்தபோதுதான் வடகிழக்குத் தூணில் மண்கோடு ஒன்று ஏறுவதைப் பார்த்தீர்கள். குளவி கட்டியது என்று நான் சொன்னேன். அன்றைக்கு ஊரே கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தும் நான்கு தூண்களையும் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு யாருமே உட்காரவில்லை, கவனித்தீர்களோ என்னவோ. அப்பா சாய்ந்து உட்காரும் தூண்கள் என்பதால் மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூரை விழுந்தால் தப்பிக்கத்தான் விலகி உட்கார்ந்தார்கள் என்பதைப் போன மாதம்தான் சாகிமின் வாயிலிருந்து பிடுங்கினேன். "சொல்லியிருக்கலாமே" என்று கேட்டதற்கு, "வாத்தியார் வீட்டுத் தூண் உள்ள ஒண்ணுமில்லன்னு எந்த வாயால சொல்றது? நாளைக்கு உங்க மூஞ்சில முழிக்க வேண்டாமா?" என்கிறார். எங்கள் தெருவே அறிந்த ரகசியம் அண்ணா இது, எனக்கு மட்டும்தான் தெரியாது. இப்படிப்பட்ட மரியாதையில் வாழ்வதைவிட நாலு முரட்டு ஜனங்களுக்கு நடுவில் குடியிருக்கலாம்.

நீங்கள் சந்தேகம் தீராமல் ஊருக்குப் போய் இரண்டு கேன் மருந்து அனுப்பி, வொனோசாரியிலிருந்து சுகெங் என்ற மருந்தடிக்கும் ஆளையும் ஏற்பாடு செய்தீர்கள். அந்த ஆளைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். பட்டுப்போன்ற மனிதர். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, குனிந்து குனிந்து வந்து, ஒவ்வொரு தூணையும் விரல்முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தட்டும்போது தூண் பேசிய சத்தம், ஊர்க்காவலில் உள்ளே குடைந்த மரமணி அடிப்பார்களே, அதேதான்.

"எப்படி இருக்கு சுகெங்?" என்றேன்.

"நல்ல விசாலமான தூணுங்க சார். உள்ள நெறைய எடம் இருக்கு."

"கெட்டியா இருக்கா?"

"பெயிண்ட் ரொம்பக் கெட்டிங்க. அதைத் தொடாம இருந்தா பல வருஷம் நிக்கும்."

"இது எங்க தாத்தா வெட்டின தேக்கு. கரையான் வாய் வெச்சா பல்லு ஒடைஞ்சிடும்."

"ஒடைஞ்சிருக்கும் சார். அதான் பாவம், மெதுவா சாப்பிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, மேல்தோலில் மட்டும்தான் தேக்கு மிச்சம், உள்ளே அந்தக் காலத்திலேயே மழைநீர் இறங்கி இளகிவிட்டது என்று மென்மையாக விளக்கி, தூண் அடியில் குவிந்து கிடந்த ஈசல் இறகுகளைக் கையில் அள்ளிக் காட்டினார். மழை பெய்தால் இங்கிருந்துதான் புறப்படுகின்றனவாம். என் காட்டுக் குன்று, மேற்குக் காற்று, கூரைச் சரிவு மூன்றும் அந்த ஒரு கை இறகில் போய்விட்டன. முர்தினிக்கு வேறு கவலை. "அப்போ இத்தன வருஷமா நாங்க சாப்பிட்டது?" என்றாள். சுகெங் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "வெளி ஈசல் இல்லைங்கம்மா, வீட்டு ஈசல்தான்" என்றார். "அதான் அந்த ருசி" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே மருந்தை ஊற்றியிருக்க வேண்டும். சுகெங் ஊற்றத்தான் போனார். "விஷம் ஊத்தின வீட்டு ஈசலை உங்க அண்ணனுக்கு எப்படிப் பொரிச்சு அனுப்புறது? மழ முடியட்டும்" என்று முர்தினி தடுத்தாள். அண்ணியின் டின் கணக்கு வேறு அப்போது நிலுவையில் இருந்தது. மழை முடிந்ததும் நல்ல நாள் பார்த்தோம், கிடைக்கவில்லை. பிறகு சூரோ மாதம், வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. பிறகு நோன்பு மாதம், வாயில் தண்ணீர் படாமல் எவன் பள்ளம் தோண்டுவான்? அதற்குள் மறுபடி மழை வந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய இரண்டு கேனும் தூணில் சாய்த்துவைத்தபடியே இருந்தன. ஒருநாள் தூசி தட்டலாம் என்று நகர்த்தினால், கரையான் கேன் மேலேயே மண்பாதை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறது. எதிரியை இத்தனை கேவலமாக மதித்த ஜீவனை நான் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை வீட்டார் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். பாக் புரோயோ வந்து நடுவில் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்து, "இந்த மாதிரி வீட்ல சம்பந்தம் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றவர், "இதுவல்லவா தேக்கு" என்று வடகிழக்குத் தூணைப் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். கை மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது. அவர் கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் ஓட்டை தெரியும், எங்களுக்கு அவமானம் என்று அப்படியே நின்றுகொண்டு, இந்த வருடம் மரவள்ளி விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். நானும் மரவள்ளியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். முர்தினி டீ கொண்டுவந்தாள். அவர் இடது கையை நீட்டினார். நீட்டிவிட்டு, "எடது கையால வாங்குறேன், மன்னிக்கணும், மன்னிக்கணும், சின்ன வயசுலேந்து ஒரு கெட்ட பழக்கம்" என்று சபை முழுவதிடமும் மன்னிப்புக் கேட்டார். வலது கை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் மனைவி சுவரில் இருக்கும் அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கரையான் கடித்திருக்க வேண்டும், பாக் புரோயோவின் முகம் அவ்வப்போது கோணியது, ஆனால் புன்னகை மாறவில்லை. கடைசியில் விளக்கைப் பார்க்கிற சாக்கில் எல்லோரும் திரும்பிக்கொண்ட பிறகே கையை உருவிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது, "தூண் ரொம்ப மிருதுவா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் போனபின் நான் அந்த ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் எண்ணெய்த்தலை பட்டுக் கறுத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணா, மறைப்பானேன். பார்த்துக்கொள் என்று விட்டுப்போன ஒரே பொருள்.

மறுநாள் விடிந்ததும் சுகெங்கை வரவழைத்தேன். இனி நல்ல நாளும் வேண்டாம், பெயெக்கும் வேண்டாம் என்று முர்தினியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டி மருந்து ஊற்றி, தரையில் துளை போட்டு மருந்து இறக்கி, நான்கு தூண்களுக்கும் நான் பக்கத்திலேயே நின்று, என் கண் முன்னால் ஊற்றவைத்தேன். ஓட்டை விழுந்த தூணுக்கு இரும்புப் பட்டை போட்டு, மேலே பாத்திக் துணி சுற்றியிருக்கிறது. பார்த்தால் மாப்பிள்ளையைவிடத் தூண்தான் அலங்காரமாகத் தெரியும். ஆகவே எந்தச் சந்தேகமும் வேண்டாம். நம் குலத்துப் பெண் நம் கூரைக்குக் கீழேதான் மணமேடை ஏற வேண்டும். பத்திரிகையில் நம் வீட்டு முகவரியையே தைரியமாக அச்சடித்துவிடுங்கள்.

உங்கள் முட்டிக்கு முர்தினி இஞ்சித் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். அண்ணிக்கு எங்கள் வணக்கம். லாராஸ் நூறாண்டு நிறைவாக வாழ, நம் அப்பா இருக்கும் இடத்திலிருந்தே அவளுக்காக வேண்டிக்கொள்வார்.

தங்கள் பாதம் பணியும் தம்பி,
விராஸ்தோ

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு முர்தினியிடம் வாசித்துக் காட்டினேன். "நாலு தூணுக்கும்னு எழுதாதீங்க" என்றாள். ஏன் என்றேன். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சீர்தட்டில் வைக்கப் பத்து டின் பெயெக் வேண்டும் என்று எண்டாங் அண்ணி போன வாரம் தொலைபேசியில் சொன்னாராம். அதற்காக வடகிழக்குத் தூணை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி இவள் சுகெங்கிடம் கேட்டிருக்கிறாள். அந்த மனிதருக்கு இவளிடம் மாட்டேன் என்று சொல்லவும் மனமில்லை, என்னிடம் விஷயத்தைச் சொல்லவும் மனமில்லை. என் கண் முன்னால் அவர் அந்தத் தூணுக்கு ஊற்றியது கிணற்றுத் தண்ணீராம். அதைக் குடித்துக் கரையான் நன்றாகத் தேறியிருக்கிறது. இதை எழுதும்போதே வருடத்தின் முதல் மழை பிடித்துவிட்டது. பாத்திக் துணிக்குள்ளிருந்து ஈசல் புகைபோலக் கிளம்புகிறது, தொட்டி நிறைந்துவிட்டது. கூடத்து விளக்கு நேராகத்தான் தொங்குகிறது, கூரைதான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நாங்கள் ஆடுகளோடு சாகிமின் வீட்டுக்குப் போகிறோம். அவர் எங்களுக்குப் பாய்கூடப் போட்டுவைத்துவிட்டாராம், மூன்று வருடமாகவே தயாராக இருந்ததாம். கல்யாணத்துக்கு நீங்கள் செமாராங்கிலேயே மண்டபம் பார்த்துவிடுங்கள். பத்து டின்னும் வந்து சேரும். லாராஸுக்கு முதல் துண்டைக் கொடுங்கள், தாத்தா வீட்டுத் தூண் என்று சொல்லிக் கொடுங்கள். அப்பா சொன்னபடியே ஆகிவிட்டது அண்ணா. வீட்டைப் பிரிக்கவில்லை. பாதியை நான் சாப்பிட்டேன், பாதியை நீங்கள் சாப்பிட்டீர்கள்.