இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்

எதைக் கேட்டாலும் ‘இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போன ஆசாமிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ரகத்தில் முதல் தரமான ஒருவரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். எங்கும் தேட வேண்டாம், அடியேன்தான்.

தீவனப்புல் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைச்சரிவில் ஒரு துண்டு நிலத்தை உழுது, ஆறு வகைப் புல் விதைத்தேன். இரண்டாம் வருஷம் புல் இடுப்புயரம் நின்றது. விடுவேனா? அறுத்தேன், காயவைத்தேன், எடை போட்டேன், வரைபடம் வரைந்தேன், போகிற கூட்டத்திலெல்லாம் அதைத் திரையில் காட்டிவிட்டு, கைதட்டல் அடங்கும்வரை அடக்கமாகத் தண்ணீர் குடித்தேன்.

பக்கத்துச் சரிவில் ஏழு மாடு வைத்திருந்த பால்கார அம்மா கேட்டார்: "சார், என் நிலத்தையும் உழுது இதையே விதைச்சிடட்டுமா?"

"அவசரப்படாதீங்கம்மா. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்."

ஐந்தாம் வருஷம் புல் முழங்காலுக்கு இறங்கியது. அவர் மறுபடி கேட்டார். மழை குறைவு, பொறுங்கள் என்றேன். ஆறாம் வருஷம் கணுக்கால். மூன்றாம் தடவையும் கேட்டார்; மழை அதிகம் என்றேன். அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார். விதைத்த ஆறில் நாலு வகை போன இடம் தெரியவில்லை. யாரும் கூப்பிடாத உள்ளூர்ப் புல் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அதையும் சேர்த்து எடை போட்டுத்தான் என் மானத்தைக் காப்பாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் தராசும் கையுமாகப் போனால், அம்மாவின் சரிவில் புல் மண்டிக் கிடக்கிறது!

"எப்போ விதைச்சீங்க?"

"எங்க விதைச்சேன்? நீங்கதான் சொல்லவே இல்லையே! இருக்கிற புல்லுக்கே சாணி எரு போட்டு, மாட்டை இடம் மாத்தி மாத்தி மேய்ச்சேன்."

"என் புல் எப்பவோ போயிடுச்சும்மா" என்று உளறிவிட்டேன். "மறைச்சு வச்சிருந்தேன்."

அம்மா சிரித்தார். "தெரியும் சார். எங்க செவலை மாடு தினம் வேலி தாண்டி உங்க புல்லத்தான் மேயும். ஆறாவது வருஷம் தாண்டுறதையே விட்டுடுச்சு."

எனக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்த ஆராய்ச்சி, ஒரு மாட்டுக்கு ஆறே வருஷம்!

அறிக்கையை உள்ளது உள்ளபடி திருத்தி எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டுக் கேட்டார்: "ஆய்வு செஞ்சவங்க பட்டியல்ல மாட்டோட பேரைக் காணோமே?"

சிரியுங்கள், தாராளமாக. ஆனால், உங்கள் வீட்டில் ஒருவர் ஒரே கேள்வியை மூன்றாம் தடவையாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருந்தால், அவர் எங்கே போனார் என்று உடனே போய்ப் பாருங்கள்.