ஆறாங்கட்டையாரின் கோபம்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, ஆறாங்கட்டையாரிடம் ஏச்சு வாங்காமல் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்தவர் எவருமில்லை. சாய்ந்தமருதில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பவர். நோயோடு சண்டை பிடிக்கும் மரபணுக்களில் ஒரு பெருங்கூட்டம் ஆறாம் குரோமோசோமின் கட்டைக் கையில், அதாவது அதன் குட்டையான பக்கத்தில், இருக்கிறது; அவருடைய பட்டப்பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இது தெரியாதவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எந்த நம்பர்? சொல்லு பாப்பம்!" என்று கேட்டுக்கொண்டேதான் ஊசியைக் குத்துவார். இரத்தத்தில் சீனி பார்க்கப் போன ஒரு ஹாஜியார், விடை தெரியாமல் பஞ்சும் கையுமாக ஓடியே போனார்.

என் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அச்சு அசல் என் முகம் அவனுக்கு.

"முகமும் ஒண்டு, இரத்த வகையும் ஒண்டு சேர். இவன்ட கிட்னி பொருந்தும்தானே?"

மேசையில் ஓங்கி அடித்தார். "முகத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பொருத்தம் பாக்கிற மரபணு எல்லாம் ஆறாம் நம்பர்ல, பக்கத்துப் பக்கத்து வயல் மாதிரி இரிக்கி. பெரும்பாலும் பிரிக்காம, காணிப் பத்திரம் எழுதின மாதிரி ஒரே உறுதியிலதான் பிள்ளைக்கு வரும். உம்மாக்கிட்ட ரெண்டு உறுதி, உனக்கு ஒண்டு. வாப்பாக்கிட்டயும் அப்பிடித்தான். அதே ரெண்டும் ஆருக்கு வந்திரிக்கோ, அவங்கதான் முழுப் பொருத்தம். வேற ஆரும் இரிக்காங்களா?"

"மருதமுனையில ராத்தா இரிக்கா. அவட வாசலுக்குப் போறத விட மௌத்தாப் போகலாம்."

வாப்பாவின் வயல் உறுதியை அக்கா தன் பெயருக்கு எழுதிக்கொண்டதிலிருந்து, ஏழு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

"அப்ப மௌத்தாப் போ! என்ட ஊசிய வீணாக்காத!" தெரு வரை வந்து ஏசினார். நானும் திருப்பி ஏசினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

தம்பியின் பரிசோதனை முடிவு வந்தது. ஒரு உறுதிகூடச் சேரவில்லை. அவன்தான் போய் ராத்தாவிடம் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை அவள் ஆய்வுகூடத்தில், என்னைவிடப் பெரிய கோபத்தோடு நின்றாள்.

"வயல்ல ஒரு சாணும் தரமாட்டன். கிட்னி வேணுமெண்டா எடு!"

அவளுடைய இரத்தத்தில் இரண்டு உறுதியும் என்னோடு சேர்ந்தன.

ராத்தாவின் கிட்னியை எனக்கு வைத்த பிறகும் வயல் சண்டை இன்னும் முடியவில்லை. மாதாமாதம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறேன். முகக்கவசம் கொஞ்சம் இறங்கியிருந்தாலும், மாத்திரை ஒரு நேரம் பிந்தியிருந்தாலும் ஆறாங்கட்டையார் கத்துகிறார். நான் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காக இவ்வளவு கோபப்படும் இன்னொரு மனிதரை நான் கண்டதில்லை.