கினிகத்தேனை ஸ்டூலும் குருவிமலைக் கொடியும்

டயகம பஜார்,
20.3.1955

மதிப்புக்குரிய நஸார் நானாவுக்குத் தம்பி நூர்தீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், அசீசா, பிள்ளைகள் எல்லோரும் சுகம். கடைக் கூரைக்கு மட்டும் சுகமில்லை. அதன் காரணம் கீழே வரும். அங்கே தாங்களும் செரீபா மதினியும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். மதினியின் முழங்கால் வலி தணிந்ததா என்று அசீசா கேட்கச் சொன்னாள். முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றதால் முதலில் எழுதிவிட்டேன்.

நிற்க, என் மகன் ஹலீமுக்கென்று பலா மரத்தில் ஸ்டூல் செய்து, தங்கள் கினிகத்தேனைக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் போட்டு, வார்னிஷும் அடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சென்ற பெருநாளில் நாம் பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை நானா. கண்டியில் காலேஜில் படிக்கிறவன் பட்டாளத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு லெப்ட் ரைட் போடுவதில் உங்களுக்குச் சம்மதமில்லை. இந்தப் பங்குனி முகாமை நடத்துகிற கப்டன் அவனை ஆபீஸர் பயிற்சிக்குச் சிபாரிசு செய்து எழுதினால் அவன் வழியில் விடுவது, எழுதாவிட்டால் அடுத்த மாதமே உங்கள் கடைக்கு அனுப்பிவிடுவது என்றுதானே பேச்சு? நானும் தலையாட்டினேன். ஆனால் என் மனதில் இருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். வாப்பா தராசு பிடித்தார், நீங்கள் பிடித்தீர்கள், நான் பிடிக்கிறேன். நம் வீட்டில் ஒரு கையாவது தராசைத் தொடாமல் சல்யூட் அடிக்கட்டும் என்று எனக்கு ஆசை. அது நடந்ததா இல்லையா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முகாமுக்கு எங்கெங்கோ இடம் பார்த்துவிட்டு, கடைசியில் நம் கடைக்கு எதிரே ஆற்றுக்கு அப்பால் இருக்கும் குருவிமலைத் தோட்டத்து மைதானத்தில் கொண்டுவந்து கூடாரம் அடித்தார்கள். இருபது மாணவர்கள், ஒரு கப்டன், ஒரு சார்ஜன்ட். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹலீம் முதல் நாளே பின்வாசல் வழியாக வந்து, "வாப்பா, இந்த அஞ்சு நாளும் நீங்க கடைய விட்டு எறங்க வேணாம். என்னத் தெரிஞ்ச மாதிரியும் காட்டிக்க வேணாம். சத்தியம் பண்ணுங்க" என்றான். பெற்றவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? இருந்தாலும் சத்தியம் பண்ணினேன். நான்கு நாள் கடையை விட்டு இறங்கவும் இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். விடியற்காலையில் பனிக்குள் ஓட்டம், பிறகு துவக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குவது, கயிற்றில் தொங்குவது, சகதியில் தவழ்வது. அசீசா, "வீட்டுல ஒரு வாளி தண்ணி தூக்க மாட்டான், அங்க பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நடந்த ஒன்றை எழுத வெட்கமாக இருக்கிறது. பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்த லொறி தலவாக்கலையில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. முகாமில் பதினொரு ராத்தல் பாண்தான் மிச்சமாம். மற்றப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நம்முடையவன் என் கடைக்குச் சீட்டெழுதி அனுப்பி மாவும் பருப்பும் தேங்காயும் எடுப்பித்து, தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பெண்களைக் கொண்டு ரொட்டி சுடுவித்து, தராசே இல்லாமல் கையாலேயே நிறுத்து இருபத்திரண்டு பேருக்கும் பங்கு வைத்தானாம். ஒருத்தருக்கும் குறையவில்லை, ஒரு கரண்டி மிஞ்சவும் இல்லை. கப்டன் பார்த்துக்கொண்டு நின்று நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார் என்று கேள்விப்பட்டதும் சீனி கேட்டவருக்கு உப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டேன். மலையைப் பிடிக்க வந்த இடத்தில் பருப்பு அளந்தால் எந்தக் கப்டன் நல்லதாக எழுதுவான்? தயவுசெய்து இதைப் படித்தவுடன் மறந்துவிடுங்கள்.

கடைசி நாள்தான் பெரிய பரீட்சை. மலை உச்சியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி. அதைப் பத்துப் பேர் காவல் காக்க வேண்டும். மற்றப் பத்துப் பேர் ஆற்றோரத்திலிருந்து தேயிலைக்குள் ஒளிந்து ஒளிந்து போய், நாலு மணிக்குள் அவர்கள் கண்ணில் படாமல் கொடியை எடுக்க வேண்டும். எடுக்கப் போகிற படைக்குத் தலைவன் ஹலீம். காவல் படைக்கு ஒரு கொழும்புப் பையன், கழுத்தில் தூரக் கண்ணாடி. எனக்கு ராத்திரி முழுக்க ஒரே யோசனை. நடுவில் ஐந்தாம் நம்பர் மலையில் நாற்பது பெண்கள் கொழுந்து எடுப்பார்கள். இவன் தவழ்ந்து போகும்போது நாற்பது பேரும் "அங்க பாருடி"ன்னு திரும்பிப் பார்த்தால் கதை முடிந்ததா இல்லையா? ஆகவே காலையில் சுருட்டு வாங்க வந்த ஆண்டியப்பன் கங்காணியிடம் மட்டும், ரகசியமாக, "எம் மகன் மலைக்குள்ள வருவான், பொம்பளைங்க யாரும் அவனப் பாத்துராம இருக்கணும்" என்றேன். "அத எங்கிட்ட விடுங்க மொதலாளி" என்றான். விட்டேன். அங்கேதான் தப்பு. அந்த மனுஷன் நேரே பெரட்டுக் களத்துக்குப் போய், யார் எந்த மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுக்கிற அந்தக் காலைக் கூட்டத்தில், ஊரறிய, "கடை மொதலாளி மகன் ஒளிஞ்சு வருது. எவளாவது திரும்பிப் பாத்தா பேர் விழாது" என்று கட்டளை போட்டுவிட்டான். பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பிறகு எவள் பார்ப்பாள்?

கடையை விட்டு இறங்க வேண்டாம் என்றுதானே ஹலீம் சத்தியம் வாங்கினான், ஏற வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று நான் இரண்டு மணிக்குக் கூரையில் ஏறினேன். அங்கிருந்து மலை முழுக்கத் தெரிந்தது. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன் நானா. நாற்பது பெண்களும் நிரைநிரையாக ஒரே பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கை கொழுந்தைக் கிள்ளுகிறது, முகம் மட்டும் பாலத்துப் பக்கம். ஒருத்தி தலையில் போட்டிருந்த கம்பளியை இழுத்து முகத்தையே மூடிக்கொண்டாள். எல்லோருக்கும் முதுகுப் பக்கம் இருப்பது மழைத் தண்ணீர் ஓடுகிற பெரிய கான். அதற்குள்ளே செடி அசைகிறது. இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கொழும்புப் பையன் தூரக் கண்ணாடியில் பாலத்தைப் பார்த்தான், அங்கே ஒரு காக்கை கூட இல்லை. உடனே கண்ணாடியைக் கானுக்குத் திருப்பினான். கத்தினான். ஒருத்தனைக் கொடிக்கு விட்டுவிட்டு ஒன்பது பேரும் தடதடவென்று கீழே ஓடி வந்தார்கள். நான் "யா அல்லாஹ், ஓடுடா மகனே!" என்று துள்ளியதில் தகரம் பெயர்ந்து ஒரு கால் உள்ளே போய்விட்டது. அசீசா கடைக்குள் நின்று மேலே பார்த்து, "இது யார்ட கால்?" என்று கேட்டாளே தவிரப் பிடிக்கவில்லை. மறு காலும் அதன் பின்னால் நானும் செத்தல் மிளகாய்ச் சாக்கின் மேல் வந்து விழுந்தோம். ஒரு மணி நேரம் தும்மினேன். என் மகனின் வாழ்க்கையை என் வாயால் நானே கெடுத்துவிட்டேன், ஸ்டூல் தயாராக இருக்கிறது, நாளைக்கே அனுப்ப வேண்டியதுதான் என்று தும்மலுக்கு நடுவே அழுதேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அழுதேன்.

மூன்றரை மணிக்கு ஆண்டியப்பன் ஓடி வந்து, "மொதலாளி, கொடிய எடுத்தாச்சு!" என்கிறான். நடந்தது இதுதான். ஹலீம் முதல் நிரைக்கு வந்ததுமே பெண்கள் முதுகைத் திருப்புவதைப் பார்த்து, அங்கே கொழுந்தெடுத்த மீனம்மாவிடம் காரணம் கேட்டிருக்கிறான். அவள் செடியைப் பார்த்துக்கொண்டே, "ஒங்களப் பாக்கக் கூடாதுன்னு பெரட்டுல சொல்லிட்டாங்க தம்பி. ஒங்க வாப்பாதான் சொன்னாராம்" என்றாள். ஹலீம் தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கானிலேயே உட்கார்ந்துவிட்டானாம். பிறகு, "சரி அக்கா, இந்தக் கானுல எங்க ஆளுக ரெண்டு பேர் இருப்பாங்க, அவங்களப் பாக்காதீங்க. எங்கள நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச ஏழு பேரோடு தலையில் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு, கொழுந்து சுமக்கும் சாக்குக்காரர்களின் பின்னாலேயே பெரிய ரோட்டு வழியாக மலை ஏறிவிட்டான். எதிரிகள் ஒன்பது பேரும் கானுக்குள் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு நிற்க, கொடிக்கு நின்ற ஒருத்தனும் சாக்குக்காரர்கள்தானே என்று கவனிக்காமல் விட, இவன் சாக்கை இறக்கிவைத்துவிட்டுக் கொடியைப் பிடுங்கினான்.

பின்னேரம் ஹலீம் உடுப்போடு முன்வாசல் வழியாக வந்தான், கூடவே கப்டனும். அவர், "மொதலாளி, யாருக்காவது சொன்னீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். "ஒருத்தருக்கும் சொல்லல்ல சேர், ஒருத்தர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றேன். அவர் பிஸ்கட் டின்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகும்போது ஹலீம் எனக்கு ஒரு சல்யூட் அடித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே நானா, கோபிக்க வேண்டாம். கொடியை எடுத்தவனைச் சிபாரிசு செய்யாமல் வேறு யாரைச் செய்வார்கள்? அந்த ஸ்டூலை வேறு நல்ல பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஹலீமின் கைக்கும் தராசுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், மதினியின் முழங்காலுக்குச் சுகத்தையும், இரண்டு கடைகளுக்கும் பரக்கத்தையும் தருவானாக.

தங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
நூர்தீன்

பின்குறிப்பு: கினிகத்தேனைக்குப் போகும் ஆளுக்காக இந்தக் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்ததில் ஹலீமின் கடிதம் வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், ஆபீஸர் பயிற்சிக்கு எடுத்துவிட்டார்கள், வைகாசியில் தியத்தலாவைக்குப் போகிறான். கொடியைப் பற்றிக் கப்டன் ஒரு வரிதான் எழுதினாராம். பருப்பைப் பற்றி ஒரு பக்கம். ஆகவே பட்டாளத்துக்கு அரிசி, மா, சீனி நிறுத்துக் கொடுக்கும் பிரிவில் ஆபீஸராகப் போடப்போகிறார்கள். பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போவதற்கு முன் ஒரு மாதம் பெரிய வாப்பாவின் கடையில் நின்று சாமான் தரம் பார்க்கப் பழக வேண்டுமாம், வரும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறான். ஸ்டூலை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். வார்னிஷ் காய்ந்துவிட்டதா என்று மட்டும் பதில் போடவும்.