அரசன் தூங்கும் வேளை

பலராமனுக்குக் கவிதை என்றாலே ஆகாது. வீட்டிலேயே ஜாப் டைப்பிங் செய்யும் மனைவி சுமலதாவின் கம்ப்யூட்டர் மேசையில் கிடந்த கவிதையை மட்டும் இரண்டு தடவை படித்தான்.

'மூன்று தட்டு. திரை விலகும்.
விருந்துண்ட அரசன் உறங்குகிறான்.
வருபவனே, மெல்ல வா.'

மதியம் ஹார்டுவேர் கடையைச் சாத்திவிட்டு, சாப்பிட்டுத் தூங்குகிறவன் அவன்.

தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பின்தெரு ஜான்-பத்திஸ்த் வீட்டுக்கு ஓடினான். பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்குபவர்; தெருவுக்கே 'மொசியே', அதாவது ஐயா. அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவர். அவர் மதியத் தூக்கம் கலையும்வரை, அவர் மனைவி மர்த் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"மொசியே, இதுக்கு என்னா அர்த்தம்?"

படித்துவிட்டுக் கண் சிமிட்டினார். "மேடையில கோலால மூணு தட்டு தட்டுனா நாடகம் ஆரம்பம். ராஜா தூங்குவான். ராணி கதவத் தொறப்பா."

"யாருக்கு?"

"காதலனுக்குத்தான்! பாவம், எவன் பொண்டாட்டியோ!"

"அந்தப் புருஷன் என்னா செய்யணும்?"

"தூங்குற மாதிரி நடிக்கணும். எதுக்குன்னு மட்டும் பொண்டாட்டிகிட்ட வாயத் தொறந்து சொல்லக் கூடாது."

மறுநாள் மதியம் நடித்தான். டொக், டொக், டொக். பாய்ந்துபோய் வந்தவன் காலரைப் பிடித்தான். கேஸ்காரன். சிலிண்டரோடு திரும்பிப் போய்விட்டான்.

"பைத்தியமா உங்களுக்கு? அடுப்புக்கு என்ன பண்றது?" என்றாள் சுமலதா.

மறுபடி ஜான்-பத்திஸ்த். "கடைசி அங்கத்துல, சபைக்கு நடுவுல ராஜா மன்னிச்சுடுவான்" என்றார்.

அன்று மாலை தெருவே பார்க்க வாசலில் நின்றான். "சுமலதா, உன்ன மன்னிச்சுட்டேன்!"

"எதுக்கு?"

"அத ராஜா சொல்லக் கூடாது."

சுமலதா பெட்டியை எடுத்தாள். "நாளைக்குக் கனகசெட்டிக்குளம் போறேன். அம்மா வீட்டுக்கு. இனிமே தேடாதீங்க."

வேறு வழியில்லை. மறுநாள் மதியம் பஞ்சாயத்துக்கு ஜான்-பத்திஸ்த்தையே அழைத்துவந்தான்.

"சாப்புட்டுட்டுப் பேசுவோம்" என்றார் அவர். கடைப் பிரியாணியை முடித்து, ஈசிசேரில் சாய்ந்தவர்தான். குறட்டை.

சுமலதா செருப்பை மாட்டினாள். பலராமனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தாளை நீட்டினான். "இது என்னா?"

"இது உங்ககிட்டதான் இருக்கா? மூணு நாளா வீடு பூரா தேடறேன்!"

டொக், டொக், டொக்.

வாசலில், ஜான்-பத்திஸ்த் வீட்டில் வேலை செய்யும் கொளஞ்சி.

"அக்கா, மர்த் அம்மா டைப் பண்ணக் குடுத்த அவங்க கவிதைய வாங்கியாரச் சொன்னாங்க. அப்படியே, மொசியே தூங்கிட்டாரான்னும் பாத்துட்டு வரச் சொன்னாங்க."