டென்மார்க் மதகு

கீழ்வேளூருக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர் நஞ்சையில் பாதியை, தை மாதத்து ஒரு காலைப் பொழுது முழுக்க, டென்மார்க் நாட்டின் வசம் ஒப்படைத்து வைத்திருந்தவன் நான். பத்திரம் எதுவும் எழுதவில்லை. கொடி நட்டேன், அவ்வளவுதான். பத்திரமாவது எழுதியிருந்தால் நீதிமன்றத்தில் இருபது வருஷம் இழுத்திருக்கலாம். கொடி அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிடும்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளராக இருந்தேன். கண்ணாடி புதிது, முனைவர் பட்டம் புதிது, கர்வம் அவை இரண்டையும்விடப் புதிது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டாக ஆய்வு செய்ய ஆசிரியர்களுக்கு மானியம் உண்டு என்று ஒரு சுற்றறிக்கை ஆசிரியர் அறைப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அதன் ஓரத்தைக் கிழித்துச் சுருட்டிக் காது குடைந்துகொண்டிருந்தபோது நான் மிச்சமிருந்ததைப் படித்து விண்ணப்பித்தேன்.

விஷயம் இதுதான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலம் தொட்டு இன்றுவரை, காவிரிக் கடைமடையில் அறுவடைக் கூலி எப்படி மாறி வந்தது என்று ஆராய்வது. டென்மார்க்கில் பொருளாதார வரலாறு சொல்லித்தரும் கிர்ஸ்டன் என்ற பேராசிரியை கூட்டாளியாக இருக்கச் சம்மதித்தார். ஆய்வுக்கு எங்கள் ஊரையே தேர்ந்தெடுத்தேன். (தங்கும் செலவு மிச்சம். அண்ணி சமையல் வேறு.) விண்ணப்பத்தில், 'இங்கே நிலவுடைமையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே நல்லுறவு நிலவுகிறது' என்று ஒரு வரி எழுதினேன். எழுதிய அன்று அது பொய் இல்லை. அது மழைக்காலம். வயலில் யாருக்கும் வேலை இல்லாததால் சண்டையும் இல்லை.

மானியம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. அம்மையார் நேரில் வந்து ஊரைப் பார்த்து, திருப்தியாகி, கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மானியம் வந்த வழியே திரும்பிவிடும். எங்கள் கல்லூரி முதல்வர் இதைத் தமிழில் விளக்கினார்.

"தங்கராசு, அந்தம்மா கையெழுத்து இல்லாம திரும்பி வந்தீங்கன்னா ரீடர் பதவி உயர்வை வேதியியலுக்குக் குடுத்துருவேன்."

வேதியியல்காரர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். எனக்காக வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதற்கிடையில் தை பிறந்தது. சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுவடை நின்றுபோயிருந்தது. அறுத்து அடிக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டது விவசாயத் தொழிலாளர் சங்கம். முடியாது என்றார் பண்ணை ராஜமாணிக்கம். சங்கத்தின் கிளைச் செயலாளர் வேறு யாருமில்லை, என் அண்ணன் காத்தமுத்து. (எங்கள் அப்பா அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். அவருடைய மூத்த மகன் சங்கம் வைத்தான், இளைய மகன் கண்ணாடி போட்டான். இரண்டில் எதைப் பார்த்துப் பண்ணைக்கு அதிகக் கோபம் என்று சொல்வது கஷ்டம்.) அரைப்படி நெல்லுக்காக எங்கள் பக்கத்தில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் எழுதமாட்டேன். அதற்குச் சிரிப்பு போதாது.

கூலிகூடப் பெரிய சிக்கல் இல்லை என்று அண்ணியே சொல்வார். உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். எங்கே உட்காருவது என்பதுதான் சிக்கல். சங்கக் கொட்டகைக்குப் பண்ணை வரமாட்டார். பண்ணை வீட்டு வாசலில் கைகட்டி நின்று பேசிய காலம் மலையேறிவிட்டது என்று அண்ணன் போகமாட்டார். சரி, தாலுகா ஆபீசுக்கு வாருங்கள் என்று தாசில்தார் கூப்பிட்டார். 'அவர் வந்துட்டாரான்னு பாத்துட்டு வா' என்று இரண்டு பேரும் ஆளனுப்பினார்கள். ஆளனுப்பப்பட்ட இரண்டு பேரும் டீக்கடையில் சந்தித்து, டீ குடித்துவிட்டு, இன்னும் வரவில்லை என்று திரும்பிப் போய்ச் சொன்னார்கள். முதலில் போய்க் காத்திருப்பவன் இளைத்தவன் என்று இரு தரப்பும் நம்பின. வயலில் நெல் மட்டும் முதலில் வந்து காத்திருந்தது, உதிரத் தொடங்கியபடி.

இவ்வளவும் தெரிந்தும் நான் கொடி தைக்கக் கொடுத்தேன்.

என் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். கோட்டையில் எந்தக் கழகம் இருந்தாலும் எங்கள் மாவட்டத்தில் வரவேற்பு என்றால் வழி நெடுகக் கொடிதான். சாதாரண வட்டச் செயலாளர் வந்தாலே இரண்டு மைல் கொடி. கடல் கடந்து வருகிற பேராசிரியைக்கு ஒன்றுமே இல்லையென்றால் அவர் என்ன நினைப்பார்? (ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். இது எனக்கு இப்போது தெரிகிறது.) நூலகத்து அட்லஸில் டென்மார்க் கொடியைப் பார்த்தேன். சிவப்புத் துணி, குறுக்கும் நெடுக்கும் வெள்ளைப் பட்டை. எளிமையான கொடி, செலவும் குறைவு.

கொடி கட்டுகிற ஆட்கள் திருவாரூரிலிருந்து வந்தார்கள். மாநாடு மாநாடாகக் கொடி கட்டிப் பழகியவர்கள்.

"எந்தக் கட்சி சார்?" என்றார் அவர்களின் தலைவர்.

"கட்சி இல்லீங்க, நாடு."

"நாடுன்னா பெரிய கட்சிதான். சின்னம் ஒண்ணுமில்லியே?"

"சின்னம் கிடையாது. ரோட்டோரமா ரெண்டு பக்கமும் நட்டுருங்க. நல்லா எடுப்பாத் தெரியணும்."

நான் தஞ்சாவூர் போய்விட்டேன். மறுநாள் விடிவதற்குள் நட்டு முடித்துவிட்டார்கள். ரோட்டோரம் கப்பி போட்டு இறுகிக் கிடந்ததால் கம்பு இறங்கவில்லையாம். பக்கத்திலேயே ஈர வரப்பு இருக்கிறதே, அதில் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நான் வேறு சொல்லியிருந்தேனா, உள்வரப்பு வரைக்கும் போய்விட்டார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் ஒருவர் வரப்பில் இன்னொருவர் சிவப்புக் கொடி நட்டால் அது அலங்காரம் இல்லை. 'இந்த வயலில் இனி நாங்கள்' என்று அர்த்தம்.

காலையில், தரங்கம்பாடியில் தங்கியிருந்த கிர்ஸ்டன் அம்மையாரைக் கல்லூரி ஜீப்பில் அழைத்துக்கொண்டு வந்தேன். ஐம்பது வயது, ஆறடி உயரம், தலையில் வைக்கோல் தொப்பி. ஜீப் முகப்பிலும் ஒரு கொடி. ஊர் எல்லை திரும்பியதும் பச்சையும் பொன்னுமான வயல்களின் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பும் வெள்ளையும் படபடத்தன. அம்மையார் தொப்பியைக் கழற்றினார்.

"எங்கள் அரசியின் பிறந்தநாளுக்குக்கூட இத்தனை கொடிகள் பார்த்ததில்லை" என்றார் ஆங்கிலத்தில். கண் கலங்கியிருந்தது.

ரீடர் பதவி அந்த நிமிஷம் என் மடியில் வந்து உட்கார்ந்தது. வேதியியல்காரரின் முகத்தை மனதில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாய்க்கால் மதகு தெரிந்தது.

மதகின் மேற்கே பண்ணை ஆட்கள். கிழக்கே சங்கத்து ஆட்கள். நடுவில், மதகுச் சுவரின் இரு முனைகளிலும், ராஜமாணிக்கமும் என் அண்ணனும். கொடியைப் பார்த்த கணத்தில் இரண்டு பக்கமும் ஓடி வந்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நடந்த பேச்சை அண்ணி பின்னால் சொன்னார்.

"ராத்திரியோட ராத்திரியா என் வரப்புல கொடி நடுறியா காத்தமுத்து? இதுக்குப் பேரு பேச்சுவார்த்தையா?"

"எங்க கொடியில சின்னம் இருக்கும். இதுல எங்க சின்னம் இருக்கு, காட்டுங்க பாப்போம்! எங்க ஆளுங்களைப் பிரிக்கப் புதுச் சங்கம் ஆரம்பிச்சதே நீங்கதான்."

"நானா? என் வரப்புல நானே கொடி நட்டுக்க எனக்கென்ன பைத்தியமா?"

இருவரும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். நீயும் இல்லை, நானும் இல்லை என்றால் மூன்றாவதாக எவனோ ஊருக்குள் வந்திருக்கிறான். பல வாரங்களில் முதல்முறையாக இரு தரப்புக்கும் ஒரே கருத்து ஏற்பட்டது. அந்த மூன்றாமவனைப் பிடித்து வாய்க்காலில் அமுக்குவது.

சரியாக அப்போது, அதே கொடியைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஜீப் வந்து நின்றது.

நான் இறங்கினேன். ஒரு கையில் ரோஜா மாலை, மறுகையில் சரிகைச் சால்வை. அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று நான் பார்த்தேன்.

"தம்பி," என்றார் அண்ணன், மெதுவாக. அவர் கத்தினால் பயமில்லை. "இது உன் வேலையா?"

"டென்மார்க் கொடிண்ணே. வரவேற்புக்கு..."

"டென்மார்க்குக்கு என் வரப்புல என்ன வேலை?" என்றார் ராஜமாணிக்கம். பிறகு, பழைய ஆளின் மகனை எப்படிக் கூப்பிடுவது என்று சற்றுத் தடுமாறி, "வாத்தியாரே" என்று சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தில் ஒரு குரல், "தரங்கம்பாடியை வித்துட்டுப் போனவங்க இப்ப வட்டியோட நம்மூரையும் கேக்குறாங்க போல" என்றது. யாரும் சிரிக்கவில்லை. சங்கத்து ஆள் ஒருவர் மண்வெட்டியைத் தோள் மாற்றினார்.

ஜீப்பை எடுக்கச் சொல்லலாம் என்று திரும்பினால் ஜீப்பில் அம்மையார் இல்லை. அவர் இறங்கி, நேரே நடந்து, இரு தலைவர்களுக்கும் நடுவில் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். நோட்டைத் திறந்தார். கூட்டம் மொத்தமும் தனக்காகத்தான் திரண்டிருக்கிறது என்று அவர் முடிவு செய்திருந்தார். வழி நெடுகக் கொடியைப் பார்த்தவர் வேறென்ன முடிவு செய்வார்?

"முதல் கேள்வி," என்றார் என்னிடம். "இந்த ஆண்டு அறுவடைக் கூலி என்ன என்று கேளுங்கள்."

பேச்சை மாற்றப் பார்த்தேன். "வேறு கேள்வி கேட்கலாமா? மழை எப்படி, மாடு எத்தனை..."

"கூலி" என்றார் அவர்.

கேட்டேன். திடீரென்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தார். என் அண்ணி அஞ்சலை.

"அடேங்கப்பா! தாசில்தாருக்குக் கேக்க வராததை இந்தம்மா வந்ததும் கேட்டுருச்சு. சொல்லுங்களேன். அதுக்குத்தானே அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கு?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். பண்ணையைப் பார்க்காமல் அம்மையாரைப் பார்த்து, "கலத்துக்கு அரைப்படி கூடக் கேக்குறோம்னு சொல்லு. விலைவாசிய எடுத்துச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ராஜமாணிக்கமும் அம்மையாரைப் பார்த்து, "உரம் விக்கிற விலைக்கு எனக்கு எப்படிக் கட்டும்னு கேளுங்க, வாத்தியாரே" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. இருவரும் மூன்றடி இடைவெளியில், சுத்தத் தமிழில், ஒருவர் சொல்வதை மற்றவர் தெளிவாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். (எப்போது உட்கார்ந்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை, அவர்கள் உட்பட.) ஆனால் நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் பதில் சொல்லமாட்டார். ஒருமுறை அலுத்துப்போய், "அதான் உங்களுக்கே கேட்டுதே" என்றேன். "நீ உன் வேலையப் பாரு. நாங்க அந்தம்மாகிட்ட பேசிக்கிட்டிருக்கோம்" என்று இருவரும் சேர்ந்து அதட்டினார்கள்.

உண்மையும் அதுதான். யாரும் யாரிடமும் இறங்கிப்போகவில்லை. மதகு பண்ணை வீடும் இல்லை, சங்கக் கொட்டகையும் இல்லை. யாரும் முதலில் வந்து காத்திருக்கவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே கொடியைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடி வந்தவர்கள். தாசில்தாரால் முடியாததை என் முட்டாள்தனம் சாதித்திருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியபோது ராஜமாணிக்கம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அரைப்படிக்குச் சரின்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க. ஆனா மொதல்ல என் வயல்லதான் இறங்கணும். உதிருது."

மொழிபெயர்த்தேன். அண்ணன் சாய்ந்து கிடந்த கதிரைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில இறங்குறோம்னு சொல்லு" என்றார். பிறகு, அம்மையாரை மறந்துவிட்டு, நேராகவே, "இன்னிக்கே வேணும்னாலும் இறங்கலாம்" என்றார்.

கூட்டம் போட்ட சத்தத்தில் வாய்க்காலோரத்துக் கொக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிப் பறந்தன.

மதியமே அரிவாள்கள் வந்துவிட்டன. வரப்புக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னார் பண்ணை. பிடுங்கினார்கள். நல்ல வெயில், சும்மா கிடக்கிற துணி. ஆளுக்கொன்றாகத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். தேசியக் கொடிக்கு இந்தக் கதியா என்று அம்மையார் கோபித்துக்கொள்வாரோ என நான் பதறினேன். அவரோ தொப்பியைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த கொடி ஒன்றை அண்ணியிடம் கொடுத்துத் தனக்கும் கட்டிவிடச் சொன்னார். ஒப்பந்தத்தை ஜீப் முகப்பில் விரித்து, முண்டாசோடு கையெழுத்துப் போட்டார்.

"உங்கள் விண்ணப்பத்தில் நல்லுறவு என்று எழுதியிருந்தீர்கள். மிகைப்படுத்துகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். நான் தன்னடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

கூட்டு ஆய்வு பல வருஷம் நடந்தது. ஒவ்வொரு தையிலும் டென்மார்க் மாணவர்கள் வந்தார்கள், எங்கள் மாணவர்கள் அங்கே போய்க் குளிரில் நடுங்கினார்கள். அந்த மதகுக்கு டென்மார்க் மதகு என்றே பேராகிவிட்டது. "டென்மார்க்கெல்லாம் எறங்கு" என்று மினி பஸ் கண்டக்டர் இன்றைக்கும் குரல் கொடுக்கிறார். கூலிப் பேச்சு என்றால் இப்போதும் அங்கேதான். இரு தரப்பும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வது என்பது வழக்கமாகிவிட்டது.

நான் ரீடரானதற்குக் கல்லூரியில் பாராட்டு விழா எடுத்தார்கள். "இரு கண்டங்களை இணைத்தவர்" என்று முதல்வர் மைக்கில் முழங்கினார். வேதியியல்காரர் கைதட்டியே ஆக வேண்டியிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ஊருக்குப் போய், அண்ணன் வீட்டுக் கூடத்தில் நின்று, முதல்வர் பேச்சை முதல் வார்த்தையிலிருந்து கடைசிக் கைதட்டல் வரைக்கும் ஒப்பித்தேன். அண்ணி கெண்டை மீனை உரசிக் கழுவிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"கண்டத்தைச் சேத்ததெல்லாம் சரிதான் தம்பி," என்றார் கடைசியில். "அடுத்த தடவ கொடி தைச்சீங்கன்னா கெட்டிச் சாயத் துணியாப் பாத்து எடுங்க. வேர்வையில முண்டாசுச் சாயம் எறங்கி, உங்க அண்ணன் தலையணை உறை இன்னும் டென்மார்க்காத்தான் இருக்கு."