புளித்தண்ணீரில் இருபதாயிரம் வருடம்

"எம்புட்டு அழுக்கு! புளித்தண்ணியில ஊறப் போட்டிருக்கேன்" என்று மனைவி பரிபூரணம் சொன்னபோது, குத்துவிளக்கைச் சொல்கிறாள் என்றுதான் ஐயாதுரை நினைத்தார். நிமிர்ந்து பார்த்தால் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குப்பி காலியாகக் கிடந்தது.

அதில் இருந்தவை ரவையைவிடச் சிறிய கடல் உயிர்களின் ஓடுகள். ஒவ்வொரு ஓட்டிலும் அந்த உயிர் வாழ்ந்த காலத்துக் கடலில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்ற தடயம் இருக்கும். கடல் தரையைத் தோண்டியதில் அடி மண்ணில் கிடைத்த இருபதாயிரம் வருடத்துக்கு முந்தைய ஓடுகளையும், மேல் மண்ணில் கிடைத்த புது ஓடுகளையும் ஒப்பிட்டு, அந்தக் காலத்தில்தான் வாயு அதிகம் என்று ஐயாதுரை கண்டுபிடித்திருந்தார். உலகமே குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1996-ல் உலகத்தைத் திருத்தப் போகிறவர் ஒரு ராஜபாளையத்துக்காரர் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

மிச்சமிருந்த பழைய ஓடுகளை மறுசோதனைக்கு வெளிநாடு அனுப்ப வேண்டும். பேராசிரியர் வைகுண்டராஜ் மதுரையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். ஐயாதுரையின் டாக்டர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

அடுக்களைக்கு ஓடினார். கிண்ணத்தில் ஓடுகள் குமிழி விட்டுக் கரைந்துகொண்டிருந்தன. இரண்டு வருடமாகத் தேடிய கரியமில வாயு கண்ணெதிரே கிளம்பிப் போனது.

"ஏட்டி, கரையுதுடி!"

"பித்தளை விளக்குக்கு ஒண்ணும் ஆகலியே!"

படித்த மூளை வேலை செய்தது. புளிப்பை முறிக்க சோடா உப்பைக் கொட்டினார். கிண்ணம் பொங்கி, பாதி ஓடுகள் சாக்கடையில் இறங்கின.

மீதியை வடிகட்டி, செய்தித்தாளில் பரப்பினார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது பரிபூரணத்துக்கு.

"செத்த நேரத்துல காஞ்சிரும்" என்று ஃபேனை ஐந்தில் வைத்தாள்.

செய்தித்தாளும் பறந்தது.

வாசலில் ஆய்வகப் பியூன் மொக்கைச்சாமி. "சார், குப்பிய வாங்கியாரச் சொன்னாவ."

ஐயாதுரை ரவையை நிரப்பி நீட்டினார். குப்பிக்குள் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் உடைந்துபோய், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"தொலைஞ்சேன் மொக்கைச்சாமி! அம்புட்டும் போச்சு. இது ரவை!"

"நெசமாவா சார்? ஒண்ணுகூட மிச்சமில்லையே?"

"ஒண்ணுகூட இல்ல."

மொக்கைச்சாமி நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அழாதீக சார். வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருவானேன்னு, நானே இதை பஸ்ல தொலைக்கத்தான் வந்தேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால மேல் மண்ணு பாட்டில் லேபிளை அடி மண்ணு பாட்டில்ல மாத்தி ஒட்டிட்டேன்."