பதவி வேண்டாதவரும் செம்மூக்குச் சாமியும்

உங்கள் ஊரிலும் இந்த இனம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ‘எனக்கெதுக்குப் பதவி’ இனம். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டே ‘எழுந்துவிடட்டுமா?’ என்று கேட்கும். யாராவது சரி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அதற்குச் சோறு இறங்காது.

எங்கள் மலையடிவாரத்தில் அதன் பெயர் குராமோச்சி. இலையுதிர்காலத் திருவிழாவில் பல்லக்குக்கு முன்னால் வழிகாட்டிப் போகிற தெய்வம் சாருதாஹிகோ. மரத்தில் செதுக்கிச் செவ்வரக்குப் பூசிய அந்தத் தெய்வத்தின் முகமூடியை, ஒரு சாண் மூக்கோடு, இருபத்திரண்டு வருடமாக மாட்டிக்கொண்டு நடப்பவர் இவர். தெருவே குனிந்து வணங்கும். அதில் சாமிக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று பிரித்திருப்பார்? சாமிக்கு மூக்கு போதும் என்பது அவர் கட்சி. மற்ற நாட்களிலும் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், உடம்போடுதான் திரும்புவார். மூக்கு எங்காவது இடித்துவிடுமாம்.

செப்டம்பர் மாத ஊர்க்கூட்டத்தில், பார்லி டீயும் முள்ளங்கி ஊறுகாயும் ஒரு சுற்று வந்தபின், முட்டி வலிக்கிறது என்று ஒரு தடவை, கண் மங்குகிறது என்று ஒரு தடவை, இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு தடவை, ஆக மூன்று தடவை மறுப்பார். மூன்று தடவையும் சபை ‘உங்கள விட்டா யாரு’ என்று பாயில் நெற்றி படக் கெஞ்சும். பிறகு பெருமூச்சு விட்டு ஒத்துக்கொள்வார். எங்கள் ஊரில் மரியாதை என்றால் அதுதான்.

இந்த வருடம் சீட்டுக் குலுக்கியதில் தலைவி ஆனவர் நிஷிவாகி அம்மாள். போன வருடம்தான் குடிவந்தவர். இருபது வருடம் ரயில் ஓட்டியவர். பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு.

“முட்டி ரொம்பப் படுத்துதும்மா. வேற யாரையாச்சும் பாருங்க,” என்றார் குராமோச்சி.

“அடடா, இவ்வளவு வலியோடயா நடந்தீங்க? பாவம். தபால்கார ஹனாவா போட்டுக்கட்டும், எழுதிக்கங்க. அடுத்தது குப்பை வண்டி விஷயம்.”

சபை கெஞ்ச வாயைத் திறந்தது. குப்பை வண்டி முந்திக்கொண்டது. குராமோச்சியிடம் இன்னும் இரண்டு மறுப்பு கைவசம் இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

திருவிழா அன்று தெருவோரம் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று சடங்குக்கான வெள்ளைக் காலுறையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஹனாவா தடுக்கி விழ வேண்டும், மூக்கு விளக்கில் இடிக்க வேண்டும், ‘ஐயாவக் கூப்பிடுங்க’ என்று யாராவது ஓடி வர வேண்டும். ஹனாவா விழவில்லை. பக்கத்தில் டோஃபு கடை ஹிசாயே குனிந்து வணங்கி நிமிர்ந்தாள்.

“குராமோச்சி ஐயாவுக்கு முட்டி வலி போயிருச்சு போலருக்கே,” என்றாள் புருஷனிடம், நடந்து போகும் முகமூடியைப் பார்த்தபடி. “இத்தன வருஷத்துல இந்த வருஷம்தான் பாக்கற மாதிரி நடக்கறாரு.”

பிறகு திரும்பிப் பார்க்காமலே, இந்தப் பக்கம் நின்ற குராமோச்சியை முழங்கையால் இடித்தாள். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பல்லக்கு தெரியல.”

அவர் தள்ளி நின்றார். எல்லாரையும் போலக் குனிந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது.

சிரிக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் ‘என்னை விட்டுடுங்க’ என்று சொல்வதற்கு முன்னால் அறையை ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதை அப்படியே நம்புகிற ஒருவர் பேனாவைத் திறந்து வைத்திருக்கலாம்.